மூன்று மணிக்குப் பெரம்பலூர் லைன்

என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மாதக் கடைசியில் தன் சிநேகிதிகளுக்கெல்லாம் போனில் ஒரு பட்டியல் அனுப்புவது அவள் பழக்கம். அந்த மாதம் பார்த்த தொடர், திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு, புதுக் கடையில் குடித்த நன்னாரி சர்பத், பால்கனித் தொட்டியில் பூத்த ஏதோ ஒரு கொடி, எல்லாம் அதில் இருக்கும். தலைப்பு, 'இந்த மாசம் எனக்குப் பிடிச்சது'. போன மாதம் கை தவறி அது எனக்கும் வந்துவிட்டது. படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டேன். உடனே போன் அடித்தது.

"கட்டைவெரல் போட்டா போதுமா? ஒன் லிஸ்ட் எங்கம்மா?"

"ரிட்டயர் ஆனவளுக்கு என்னடி லிஸ்ட்டு?"

"சும்மா சொல்லும்மா."

சொன்னேன். வாரணவாசிப் பக்கம் உள்ள காட்சிக்கூடத்துக்குப் போய், நம் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த கடல் நத்தைகளையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தது ஒன்று. போனில் தற்செயலாகக் கிடைத்த, அக்கா தங்கை இருவர் வாசிக்கும் நாதஸ்வரம் இரண்டு. தெரு முனை வேப்பமரம் பூத்து, சாயங்காலக் காற்றில் வாசல் முழுக்க வெள்ளைப் பொடியாகக் கொட்டிக் கிடப்பது மூன்று. ஜெயங்கொண்டம் ரோட்டில் ஒரு அம்மா கூடையில் வைத்து விற்ற இந்த வருஷத்து முதல் முந்திரிப் பழம் நான்கு. உப்புத் தொட்டுத் தின்றேன், தொண்டை கரகரத்தது, இன்னொன்று தின்றேன்.

மகள், "என்னம்மா, ரேடியோல சொல்ற மாதிரி நம்பர் போட்டு, மூச்சு விடாம சொல்ற? எங்க கத்துக்கிட்ட இத?" என்றாள்.

"ஆபீஸ்ல" என்றேன்.

சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டாள். சத்தியமாக ஆபீஸில்தான் கற்றுக்கொண்டேன். அதற்காக ஒரு மெமோவும் வாங்கியிருக்கிறேன். அதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம்.

முந்திரிப் பழத்தின் வாசனை கையை விட்டுச் சீக்கிரம் போகாது. சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் இருக்கும். எனக்கு அந்த வாசனையோடு இன்னொரு வாசனையும் சேர்ந்தே வரும். கறுப்பு ஹெட்செட்டின் வாசனை. பல வருஷம் பல பெண்களின் காதிலும் வாயருகிலும் இருந்த சாமான் அது. வியர்வை, தேங்காயெண்ணெய், பான்ட்ஸ் பவுடர், சூடான ரப்பர் எல்லாம் கலந்து அதற்கென்று ஒரு மணம். காலையில் தலையில் மாட்டியவுடன், பள்ளிக்கூடப் பையைத் திறந்தது போல இருக்கும்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்ன வேலை என்று விளக்குவதற்குள் பொழுது போய்விடும். ஆள் உயரப் பலகை ஒன்று. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கு மேலும் நகத்தளவு மூடி. ஊரில் யாராவது தன் வீட்டுப் போனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மூடி 'டக்'கென்று விழும். அந்தத் துளையில் கம்பியைச் செருகி, 'நம்பர் ப்ளீஸ்' என்று கேட்டு, அவர் கேட்ட துளையில் மறுமுனையைச் செருக வேண்டும். அவ்வளவுதான். வெளியூர் என்றால் டிரங்க் கால். பெரம்பலூருக்கு எங்களிடம் மூன்று லைன்கள் இருந்தன.

தா.பழூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வீட்டில் முதலில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான். வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து வைத்து, கார்டு வந்து, திருச்சியில் என்னைப் பேசச் சொல்லிக் குரலைச் சோதித்து, வேலையும் கொடுத்துவிட்டார்கள். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார்.

"என்ன வேலடி?"

"ஒக்காந்துகிட்டுப் பேசுறதும்மா."

"பேசுறதுக்கா சம்பளம்? நாங்க வயல்ல பேசுனா, வாய மூடிக்கிட்டு நாத்த நடுங்கடீங்கறாங்க!"

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த ஆர்டரை எங்கள் தெருவில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் அதிலிருந்த கோபுர முத்திரையைத் தடவிப் பார்த்தார்கள். கோபுரமா சிங்கமா என்று இப்போது நினைவில்லை. தடவிய விரல்கள்தான் நினைவிருக்கின்றன.

பெரம்பலூர்ப் போர்டில் பகல் டியூட்டியில் இருந்தவர் ஜைனம்பு அக்கா. லெப்பைக்குடிகாட்டுப் பக்கத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தது. முகம் தெரியாது. ஆபரேட்டர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஊர் சொல்லித்தான். எனக்கு அவர் 'பெரம்பலூர்'. அவருக்கு நான் 'அரியலூரு'.

காலையில் மூச்சு விட முடியாது. பருத்தி வியாபாரிகள், வெங்காய மண்டி, லாரி ஆபீஸ், சிமென்ட் கம்பெனிக்காரர்கள், தாலுகா ஆபீஸ் என்று மூடிகள் மழை மாதிரி விழும். மத்தியானம் மூன்று மணிக்கு ஊரே சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும். ஒரு மூடி அசையாது. அந்த நேரத்தில் இரு முனையிலும் லைன் டெஸ்ட் செய்யவேண்டும் என்பது விதி. ஒருவர் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று சொல்ல, மற்றவர் 'தெளிவாகக் கேட்கிறது' என்று சொல்லி நோட்டில் குறிக்க வேண்டும்.

சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் ஜைனம்பு அக்காவுக்கு அலுத்துவிட்டது போலும்.

"அரியலூரு, கேக்குதா? ஒண்ணு, இன்னிக்கு எங்க பின்வாசல் முருங்கையில ஒரு மரங்கொத்தி வந்து ஒக்காந்துச்சு. கொண்டை செவப்பு. ரெண்டு, லைப்ரரியில ஒரு துப்பறியும் கதை, கடைசிப் பக்கத்த எவனோ கிழிச்சிட்டான், கொலை பண்ணது யாருன்னே தெரியல. மூணு, நீ சொல்லு. ஒங்க ஊருல என்ன?"

"தெளிவாகக் கேட்கிறது" என்றேன்.

"அடியே, காது கேக்குதுன்னு தெரியும். ஊருல என்னன்னு கேட்டேன்."

அன்று என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. அரியலூரில் தங்கியிருந்த ரூமிலிருந்து ஆபீஸுக்கு நடந்த ஒரு மைல் தூரத்தில் நான் எதையுமே பார்க்கவில்லையா? மறுநாள் பார்த்துக்கொண்டே நடந்தேன். ரயில்வே கேட்டில் கல் ஏற்றிய கூட்ஸ் நின்றிருந்தது. பெட்டியின் ஓரத்தில் ஒரு மைனா கூடு கட்டியிருந்தது. கூட்டோடு எந்த ஊர் போய்ச் சேருமோ என்று நினைத்தேன். மூன்று மணிக்கு அதைச் சொன்னேன்.

"அல்லா! அது திரும்பி வந்தாச் சொல்லு" என்றார் அக்கா.

அப்படித்தான் தொடங்கியது. மெட்ராஸ் ரோடு பெரம்பலூர் வழியாகப் போவதால் வாரப் பத்திரிகை அங்கே ஒரு நாள் முன்னதாக வந்துவிடும். தொடர்கதையில் என்ன ஆயிற்று என்று எனக்கு லைனிலேயே சேதி வந்துவிடும். எங்கள் எக்ஸ்சேஞ்ச் பெண்களிடம் நான் கதையை முன்கூட்டியே சொல்லிப் பெரிய ஆளாகத் திரிந்தேன். பதிலுக்கு அரியலூர்க் கொட்டகையில் ஓடும் படங்களை நான் சொல்வேன், சண்டைக் காட்சிகளைத் தவிர்த்து. சண்டையை லைனில் சொல்ல முடியாது.

பிறகு பருவத்துக்குப் பருவம் வேறு வேறு சங்கதிகள். ஆடியில் திருமழபாடியில் கொள்ளிடத்துக்குப் புதுத் தண்ணீர் வந்து, மணலில் நுரையோடு முதல் விரலை நீட்டியதை நான் நின்று பார்த்துச் சொன்னேன். தையில் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் வயலிலிருந்து வரும்போது அதன் தோல் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும் என்று அக்கா சொன்னார். ரம்ஜானில் நோன்புக் கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்று ஒரு வாரம் முழுக்கப் பாடம் நடந்தது. நான் ரூமில் செய்து பார்த்தேன். அடிப்பிடித்துவிட்டது. "கிண்டுனியா, கதை படிச்சியா?" என்று கேட்டார். கதைதான் படித்தேன்.

ஊருக்கு ஊர் போட்டியும் உண்டு. அவர் ஒருநாள், "எங்க பக்கம் சாத்தனூர்ல மரமே கல்லா கெடக்குது தெரியுமா? முழு மரம்!" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புப் பாறை மேட்டில் தேடி அலைந்து, சுருள் சுருளாக வரி விழுந்த நத்தைக் கல் ஒன்றை எடுத்துவந்தேன். உள்ளங்கையை அடைத்துக்கொண்டது. "எங்க பக்கம் நத்தையே கல்லா கெடக்குது" என்றேன். அவருடைய பையனுக்குப் பாடம் எடுத்த வாத்தியாரிடம் கேட்டுவந்து அக்கா சொன்னார், "ரெண்டும் ஒரே கடலாம்டி. ஒங்க ஊரும் எங்க ஊரும் தண்ணிக்குள்ள கெடந்துருக்கு." நாங்கள் இரண்டு பேரும் ஏதோ ஒரே தெருவில் பிறந்தவர்கள் என்று கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

இப்போது அந்தப் பதினாலாவதுக்கு வருகிறேன். ஏன் பதினாலு என்பது பின்னால் தெரியும்.

தா.பழூர்க்காரர்கள் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்கள் போர்டு வழியாகத்தான் பேச வேண்டும். ஒருநாள் காலை அங்கிருந்து ஓர் அழைப்பு. "அம்மா, கும்பகோணத்துக்கு ஒரு அர்ஜென்ட் கால் போட்டுக் குடுங்கம்மா. ஆஸ்பத்திரி நம்பரு. பேத்திக்குப் பிரசவ நேரம். கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர். வரப்பில் குடையோடு நின்று, 'ஏ, இந்தா' என்று என் அம்மாவைக் கூப்பிடும் குரல். என் அம்மாவுக்கு ஒரு பெயர் உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயரால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

என் பெயரைச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். சொல்லவில்லை. "லைன்ல இருங்க சார், போட்டுத் தரேன்" என்றேன். கும்பகோணம் நேர் லைன் செத்துக் கிடந்தது. திருச்சி வழியாகப் பார்த்தேன், இல்லை. தஞ்சாவூரைப் பிடித்து, அங்கிருந்த ஆபரேட்டரைக் கெஞ்சி, முக்கால் மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியைப் பிடித்தேன். இடையிடையே அவருக்கு, "முயற்சி பண்ணிட்டிருக்கேன் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வேலைக்காலம் முழுவதிலும் அதைவிட நன்றாக ஓர் அழைப்பை நான் போட்டதில்லை.

பேசி முடித்துவிட்டு அவர் லைனை விடவில்லை. "பொண்ணு பொறந்துருக்காம்மா. தாயும் புள்ளையும் சொகம். நீங்க நல்லா இருக்கணும். ஒரு தடவை எங்க ஊருப் பக்கம் வந்தீங்கன்னா அவசியம் வூட்டுக்கு வாங்க" என்றார்.

மூன்று மணிக்கு இதை ஜைனம்பு அக்காவிடம் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

"இருக்கேன்டி" என்றார். "இன்னிக்கு லிஸ்ட்டு இது ஒண்ணுதான். வேற எதையும் இதோட சேக்காத."

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "வாங்கன்னாரா?" என்று கேட்டார். "ஆமாம்மா." களைந்து தண்ணீரை ஊற்றிவிட்டு, "போங்க வாங்கன்னா பேசுனாரு?" என்றார். "ஆமாங்கறேன்ல." சாப்பாடு போடும்போது மூன்றாவது முறை கேட்டார். அப்பா, "எத்தனை தடவ சொல்லுவா அவ?" என்று அதட்டினார். பிறகு அவரே, "எங்க, மொதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெரம்பலூர் லைன்கள் மூன்றில் இரண்டு செத்துவிட்டன. மிச்சம் ஒன்று. அந்த ஒன்றில் ஒருநாள் நாங்கள் பதினோரு நிமிஷம் பேசினோம். தப்புதான். இன்றைக்கும் தப்பு என்றுதான் சொல்வேன். பருத்திப் பூவைப் பற்றிப் பேச்சு. காலையில் வெளிர் மஞ்சளாகப் பூக்கிறது, மறுநாள் ரோஸ் கலராக மாறிவிடுகிறது என்று அக்கா ஆச்சரியப்பட்டுச் சொல்ல, நான் நம்பாமல் வாதாட, நேரம் போனதே தெரியவில்லை. அதற்குள் அரியலூரில் ஒரு லாரி ஆபீஸ்காரர் பெரம்பலூருக்காகக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்து, மழையில் நனைந்து நேரிலேயே வந்துவிட்டார்.

"என் லாரி பாலத்துக்கிட்ட நிக்குது, டிரைவர் போன் பக்கத்துலயே காத்துக் கெடக்கான். இங்க என்னம்மா நடக்குது?" என்று தரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று கத்தினார்.

சூப்பர்வைசர் பயந்த சுபாவம். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன அவருக்கு. அவர் தன் ஹெட்செட்டை மாட்டியபோது காதில் விழுந்தது, "சத்தியமா ரோஸ் கலருடி" என்ற வாக்கியம். பாவம், அவர் என்ன செய்வார்? லாரி ஆபீஸ்காரர் புகாரை எழுதியே கொடுத்துவிட்டுப் போனார். அது திருச்சி ஆபீஸுக்குப் போயிற்று.

மெமோ வந்தது. 'பணி நேரத்தில் மேற்படி லைனில் தாங்கள் பேசிய விஷயங்கள் யாவை என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும்.' எனக்கு அப்போது புரொபேஷன் முடியவில்லை. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம். தெருவில் எல்லோரும் தொட்டுப் பார்த்த ஆர்டர் அது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு ஊருக்குள் போவேன்?

கூட வேலை பார்த்தவர்கள் நல்லது நினைத்துத்தான் யோசனை சொன்னார்கள். "லைன் டெஸ்ட் பண்ணேன்னு எழுதிடு" என்றார் ஒருவர். "பெரம்பலூர்தான் பேச்சக் குடுத்துச்சு, நான் பதில் சொன்னேன்னு எழுது. அவங்க பர்மனென்ட், ஒண்ணும் ஆகாது" என்றார் இன்னொருவர். ஜைனம்பு அக்காவுக்கும் இதே மெமோ போயிருந்தது. அவரைக் கேட்டுக்கொள்ளவும் வழியில்லை. லைனில் ஒரு வார்த்தை அதிகம் பேசக்கூடாது என்று உத்தரவு. 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். அவர் குரல் அந்த மூன்று எண்களுக்குள் என்னவோ சொல்லப் பார்க்கும். புரியாது.

மெமோவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன பேசினீர்கள் என்றுதானே கேட்டிருக்கிறார்கள்? பேசியதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நாங்கள் பேசியதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பேசிய நேரம்தான் தப்பு, பேசிய விஷயம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, நினைவுக்கு வந்த வரிசையில் நம்பர் போட்டு எழுதினேன். மரங்கொத்தி, கொலைகாரன் தெரியாத கதை, கூட்ஸ் பெட்டியில் மைனா, கொள்ளிடத்து நுரை, கத்தரிப்பூ நிற வெங்காயம், நோன்புக் கஞ்சி, கல் மரம், கல் நத்தை... மொத்தம் இருபத்து மூன்று. பதினாலாவதாக, 'எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் என்னை வாங்க என்று சொன்னார். அதை மேற்படி ஆபரேட்டரிடம் தெரிவித்தேன்' என்று எழுதினேன். கடைசியில், 'லைனை அடைத்து வைத்தது தவறு. அதற்கு நானே பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சூப்பர்வைசர் படித்துவிட்டு வேர்த்துப் போனார். "இதென்னம்மா கட்டுரைப் போட்டிக்கு எழுதுன மாதிரி? சரி, மத்ததெல்லாம் இருந்துட்டுப் போவுது. இந்தப் பதினாலாவத மட்டும் அடிச்சிடு. ஊர் விஷயமெல்லாம் எதுக்கு?"

"அடிக்கணும்னா அத்தனையும் அடிக்கணும் சார்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததென்று இன்றும் தெரியவில்லை. அவர் தாளை அப்படியே உறையில் போட்டு ஒட்டினார்.

இருவரையும் ஒரே நாளில் திருச்சிக்கு வரச்சொன்னார்கள். ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சுகளில் ஏகப்பட்ட பேர். ஜைனம்பு அக்காவை எப்படிக் கண்டுபிடிப்பது? குரலை வைத்து உயரமாக, ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரை நான் மனதில் வைத்திருந்தேன். அப்படி ஒருவர் இருந்தார். பக்கத்தில் போய்ச் சிரித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது எனக்குப் பின்னால் யாரோ பியூனிடம் கேட்டது காதில் விழுந்தது.

"ஏங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

திரும்பினேன். குள்ளமாக, குண்டாக, வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, ஒரு கையில் குடை, ஒரு கையில் மஞ்சள் பையோடு ஒரு பெண். "பெரம்பலூர்!" என்று கத்திவிட்டேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரியலூரா? குரலப் பாத்து நல்லா வாட்டசாட்டமா இருப்பேன்னு நெனச்சேன். என்னடி இது, ஊதுனா பறந்துருவ போலருக்கு!"

மஞ்சள் பையில் எனக்கென்று சின்ன வெங்காயம் கொண்டுவந்திருந்தார். விசாரணைக்கு வருகிறவர் வெங்காயத்தோடு வருவாரா என்று நான் சிரித்தேன். சிரித்துவிட்டு என் பையைத் திறந்து, அவருக்காக நான் கொண்டுவந்திருந்த கல் நத்தையை எடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே அவர் மெதுவாகக் கேட்டார். "நீ என்னன்னு எழுதுன?"

"பேசுனத எழுதுனேன்க்கா. நீங்க?"

"தப்பு என்னுதுன்னு எழுதிட்டேன். ஒனக்குத்தான் புரொபேஷன். எனக்கென்ன?"

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "தப்பு என்னுதுன்னு இந்தம்மா எழுதியிருக்காங்க. நானே பொறுப்புன்னு நீங்க எழுதியிருக்கீங்க. தள்ளிவிடுறவங்களத்தான் நான் பாத்துருக்கேன். இப்படிப் பங்குக்குச் சண்டை போட்டுப் பாத்ததில்ல" என்றார். பிறகு என் தாளை எடுத்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். பக்கத்து மேஜை கிளார்க் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மைனாவுக்குச் சிரித்தார், நோன்புக் கஞ்சிக்குச் சிரித்தார். பதின்மூன்று வரை வந்த அதிகாரி அடுத்ததை வாய்க்குள் படித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிளார்க்கும் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

சொன்னேன்.

"அப்பா என்ன பண்றாரு?"

"கூலி வேலைங்க சார். அம்மாவும்."

தாளை மடித்துக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார். மிச்சத்தைப் படிக்கவில்லை. "அந்தாளு லாரி பாலத்துல நின்னுருக்கு. ஒரு உயிர் போற விஷயமா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதற்கான வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

"எழுத்து மூலம் எச்சரிக்கை, ரெண்டு பேருக்கும். டெஸ்டுக்கு மூணு நிமிஷம். வாட்ச்ச வச்சுக்கிட்டு மூணு நிமிஷம். அதுக்குள்ள என்னத்தச் சொல்லி டெஸ்ட் பண்ணாலும் எனக்குக் கவலையில்ல." கதவு வரை வந்துவிட்டோம். பின்னாலிருந்து, "அந்தக் கல்லு நெசமாவே இருக்கா?" என்றார். ஜைனம்பு அக்கா பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். அவர் அதை உருட்டி, தூக்கிக் கனம் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பி, பிறகு மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. லைன் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை போல. என் பஸ் கிளம்பும்போதுதான் ஜன்னலருகே வந்து, "பதினாலாவத எழுதுனியே, எனக்கு அது போதும்டி" என்றார்.

திரும்பி வந்து லாரி ஆபீஸுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெட்கப்பட்டுக் காபி வாங்கிக் கொடுத்தார். பிறகு எப்போது கால் போட்டாலும், "ரோஸ் கலரு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்காமல் விடமாட்டார்.

மூன்று நிமிஷம் வந்த பிறகுதான் எங்கள் பட்டியல் உருப்பட்டது. வளவளவென்று பேச முடியாது. வழியெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்து, தேவையில்லாததை மனதிலேயே தள்ளி, நல்லதாக நாலைந்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. எனக்குக் கல்யாணமானது, மகள் பிறந்தது எல்லாம் அந்த மூன்று நிமிஷத்துக்குள் சொல்லப்பட்டவைதான். இன்று என் மகள், மூச்சு விடாமல் சொல்கிறேன் என்கிறாள். பின்னே? பயிற்சி அப்படி. அதில் எனக்குப் பெருமைதான். இந்த இரண்டு ஊர்களையும் எங்கள் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் அந்நாளில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்றுகூடச் சொல்வேன். கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும்.

பிறகு தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. புது மெஷினுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, அதிகாரிகள் சூழ நின்றார்கள். எங்கள் போர்டைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். அன்று மூன்று மணிக்குக் கூட்டத்தில் யாருக்கும் டெஸ்ட் நினைவில்லை. என்னைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜைனம்பு அக்காவைத் திருச்சிக்கு. இரண்டு வீட்டிலும் போன் வந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால், உடம்பு எப்படி இருக்கு, பிள்ளைகள் எப்படி இருக்காங்க என்று தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். யாரும் தடுக்காத பேச்சில் மரங்கொத்திக்கு இடமில்லாமல் போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. முதலில் ஹெட்செட் மாட்டிய இடது காது, அப்புறம் மற்றதும். கடைசியாக அவர் வீட்டுக்குப் போனபோது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிக் காட்டிப் பேசினோம். அந்த வாரம் பார்த்ததில் அவர் மூன்றை எழுதினார், நான் நான்கை எழுதினேன். சிரித்தோம். அவர் சிரிப்புச் சத்தம் அவருக்குக் கேட்காததால் வழக்கத்தைவிடப் பெரிதாகச் சிரித்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

நத்தைக் கல் எடுத்த மேடு இப்போது மேடாக இல்லை. சுண்ணாம்புக் கல் எடுத்து எடுத்து, பனைமர ஆழத்துக்குப் பள்ளமாகி, பச்சைத் தண்ணீர் நிற்கிறது. ஜெயங்கொண்டம் ரோட்டில் முந்திரிக் காடு பாதிக்கு மேல் காணோம். லாரி ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. அங்கே போன வாரம் என் போனைச் சரிபார்க்கக் கொடுத்தபோது, கடைக்காரப் பெண் சொன்னாள், "இதுல பேசுற எல்லாத்தையும் ரிக்கார்டு பண்ணலாங்கம்மா. வேணுங்களா?"

வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். என்னிடம் ஜைனம்பு அக்காவின் போட்டோ இரண்டு இருக்கிறது, அந்தக் காலண்டர் தாள் இருக்கிறது. குரல் எதிலும் இல்லை. இரண்டு ஊர்க்காரர்களின் குரலையும் அத்தனை வருஷம் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். அவருடைய குரலை எங்கேயும் யாரும் பிடித்துவைக்கவில்லை.